செத்த பயிருக்குக் காவல்

1

நார்வேயின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாளைச் செய்தியாகப் போடும் ஓர் ஊரில், நான் வறட்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்து பிழைக்கிறேன். ராஜபாளையத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இங்கே யாரும் சிரிப்பதில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டால் எதையும் சிரிக்காமல் கேட்பது இவர்களுடைய பழக்கம்.

என் துறை பொது நிதி. அரசாங்கம் யாரிடம் எடுக்கிறது, யாருக்கு விட்டுக்கொடுக்கிறது, ஏன் என்று பார்ப்பது. இந்தத் தொண்ணூறுகளில் அதோடு வானிலையும் சேர்ந்துகொண்டது. பூமி சூடேறுகிறது, மழை இனி முன்போல இராது என்ற பேச்சு விஞ்ஞானிகளிடமிருந்து நிதியமைச்சர்களின் மேசைக்கு வந்துவிட்டது. பணக்கார நாடுகள் சேர்ந்து ஏழை நாடுகளுக்கு உதவி நிதி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கொடுத்தால் எந்த அரசாங்கம் அதை ஒழுங்காகக் கையாளும்? இதற்குப் பதில் சொல்ல எங்கள் நிறுவனம் ஓர் அறிக்கை தயாரித்தது. அதில் தமிழ்நாட்டைப் பற்றிய அத்தியாயம் என்னுடையது.

ஒரு திங்கட்கிழமை காலை அச்சுப்படி என் மேசையில் இருந்தது. அத்தியாயம் நான் எழுதியபடியே இருந்தது. அதன் முடிவில் நான் எழுதாத ஓர் அட்டவணை இருந்தது. ஒப்பிடுவதற்காக நார்வேயையும் சேர்த்து, அரசாங்கங்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும் அட்டவணை. அதில் ‘வசூல் தோல்வி’ என்று ஒரு பத்தி. மழை பொய்த்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குத் தள்ளுபடியான நிலவரி முழுவதையும் அந்தப் பத்தியில் கொட்டியிருந்தார்கள். மற்றப் பத்திகளில் தமிழ்நாடு மோசமில்லை. இந்த ஒன்றின் பாரத்தில் வரிசையின் அடிக்குப் போயிருந்தது. நம்பிப் பணம் கொடுக்க முடியாத இடம் என்று அதற்குப் பொருள்.

அச்சுப்படியோடு சம்மதத் தாள் ஒன்று இணைத்திருந்தார்கள். கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியதும் அதே மாதத்தில்தான். ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் தங்க அனுமதி இல்லை. எனக்கு மட்டுமல்ல, மனைவி செல்விக்கும் பதினைந்து வயது மகள் மீனாவுக்கும் என் அனுமதியைப் பிடித்துக்கொண்டுதான் அனுமதி. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு, இங்கே மாணவனாக இருந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். படித்தபோதும் இதே குளிரைத்தான் தாங்கினேன் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அன்று கையெழுத்துப் போடவில்லை. தாளை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

2

இங்கே மதியச் சாப்பாடு என்பது வீட்டிலிருந்து மெல்லிய தாளில் சுற்றிக் கொண்டுவரும் ஆறிப்போன ரொட்டி. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் தாளை மடித்து எழுவார்கள். யாரும் யாருக்கும் பங்கு வைப்பதில்லை. முதல் ஆண்டு எனக்கு இது பெரிய அநாகரிகமாகத் தெரிந்தது. இப்போது யாராவது என் ரொட்டியை எட்டிப் பார்த்தால் எனக்கே பிடிப்பதில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் இங்ரிட். வடக்கே ஒரு தீவில் மீனவர் வீட்டில் பிறந்தவர். நேர்மையானவர், குரலை உயர்த்தாதவர். நான் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் வரித் தள்ளுபடியைப் பற்றி அவர்கள் மொழியில் பேசினேன். தேவாலயத்தில் பாவங்களை மன்னிப்பதற்கு வைத்திருக்கும் சொல்லை நிலவரிக்குப் போட்டுவிட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. இங்ரிட் மட்டும் சிரிக்காமல் சரியான சொல்லைத் தாளில் எழுதி என் பக்கம் நகர்த்தினார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

மீனாவின் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தமிழை மறந்துவிடுகிறார்கள் என்பது வெளிநாட்டில் இருக்கும் எல்லோருடைய புலம்பல். என் மகள் மறக்கவில்லை. இந்த ஊரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களிடம் படித்து, அவர்கள் பிள்ளைகளோடு விளையாடி, அவர்களைப் போலவே பேசுகிறாள். நான் ‘சரி’ என்றால் அவள் ‘ஓம்’ என்கிறாள். நான் பேசுகிறேன், அவள் கதைக்கிறாள். அவள் தமிழை விட்டு விலகவில்லை, என் தமிழை விட்டுத்தான் விலகிப் போனாள். இதற்கு வருத்தப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

3

எண்பதுகளில், இங்கே படிக்க வருவதற்கு முன், நான் ராஜபாளையத்தில் இருந்துகொண்டு மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பகுதி நேர நிருபர். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் என் எல்லை. மில் வேலைநிறுத்தம், தேரோட்டம், பஸ் விபத்து, கண்மாய் மீன் ஏலம் எல்லாம் என் தலையில். எழுதியதைக் கவரில் போட்டு, பஸ் ஸ்டாண்டு எதிரில் ஸ்டேஷனரி கடை வைத்திருந்த என் நண்பன் காதர் மைதீனிடம் கொடுப்பேன். அவன் மதுரை பஸ் கண்டக்டரிடம் சேர்த்துவிடுவான். கவரை ஒட்டும் முன் செய்தியைப் படித்து அபிப்பிராயம் சொல்வது அவனாக எடுத்துக்கொண்ட உரிமை.

ஒரு வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் வானம் வெளிறியே கிடந்தது. பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பிய கண்மாய்கள் பயிர் பாதியில் இருக்கும்போது வற்றின. தை பிறந்தபோது வயலில் பயிர் நின்றது, நெல் இல்லை. பால் பிடிக்காமல் வெறும் உமியாகிப்போன பயிரை எங்கள் பக்கம் சாவி என்பார்கள். சாவியான வயலுக்கு அந்த வருடம் நிலவரி தள்ளுபடி. வரி பெரிய தொகை இல்லை. ஆனால் அரசாங்கப் பதிவில் சாவி என்று ஏறிவிட்டால், பயிர்க்கடன் கொடுத்த கூட்டுறவுச் சங்கத்துக்காரர் அந்த வருடம் வாசலில் வந்து நிற்கமாட்டார். மாட்டையும் மோட்டாரையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்க்கும் வரை பயிர் வயலில் நிற்க வேண்டும். அறுத்துவிட்டால் தள்ளுபடி கிடையாது. நெல் இல்லாவிட்டாலும் பயிரின் தாள் மாட்டுக்குத் தீனி. வறட்சியில் முதலில் தீர்ந்துபோவதும் தீனிதான். ஆகவே தன் மாடு தொழுவத்தில் பசியில் கத்த, வயல்காரர் அறுக்க முடியாமல் கம்பும் கையுமாக வரப்பில் உட்கார்ந்திருப்பார். ஊர் ஆடுகள் சுற்றிச் சுற்றி வரும். ஒன்றும் விளையாத பயிருக்கு அப்படி ஒரு காவல்.

ஆர்.ஐ. வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் கிருஷ்ணன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு வத்திராயிருப்புப் பக்கம் போனேன். கண்மாய்க்குக் கீழே முதல் வயலில் சண்முகத்தாய் என்ற பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் பிழைப்புத் தேடித் திருப்பூர் போயிருந்தார். நான் போனபோது ஓர் ஆட்டுக்காரரோடு அவருக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“ஏன் மதினி, செத்துப்போன பயிருக்கு எதுக்குக் காவலு? ஆடாவது பசியாறட்டுமே” என்றார் ஆட்டுக்காரர்.

“உன் ஆடு பசியாறும். சொசைட்டிக்காரன் வந்து நின்னா நீயா பதில் சொல்லுவ? ஓட்டு அங்கிட்டு.”

“எம்புட்டு நாளைக்கு இப்படி உக்காந்திருப்ப?”

“அந்த ஆர்.ஐ. வருத மட்டும் இருப்பேன். அவரு வராட்டா நானும் இதோட சேந்து காஞ்சு போறேன். உனக்கென்ன, நீ போ.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க யாரு, தாலுகாபீஸா?”

“இல்லம்மா, பேப்பர்ல இருந்து வாரேன்.”

“பேப்பரா? பேப்பர மாடு திங்கும்லா. ரெண்டு கட்டு குடுத்துட்டுப் போங்க.”

மதியத்துக்கு மேல் ஆர்.ஐ. மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் கிராம நிர்வாக அலுவலர். ஆர்.ஐ. வரப்பிலேயே நின்று எழுதிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். மூலைக்கு மூலை போய்க் கதிரைப் பிடுங்கி, உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்தது.

“சாவிதான். எழுதிக்கோங்க” என்றார் கிராம நிர்வாக அலுவலரிடம்.

சண்முகத்தாய் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். “அப்படியே அந்தா அந்த வயலையும் சேத்து எழுதிருங்கய்யா. நம்ம கொழுந்தனாருதுதான்.”

“அங்க கெணத்துத் தண்ணி பாஞ்சு கருது தலை சாஞ்சுல்ல நிக்கி?”

“தூரத்துல இருந்து பாக்கதுக்கு அப்படித்தான் தெரியும்.”

“அப்ப கிட்டப் போயிப் பாப்போம், வாங்க.”

போனார். ஒரு கதிரைக் கசக்கி ஊதினார். உள்ளங்கை நிறைய நெல் மிச்சமிருந்தது. அதைச் சண்முகத்தாய் முன் நீட்டினார்.

“இது என்னது?”

“ஏதோ ஒரு கருது தப்பிப் பொழச்சிருக்கும்யா.”

கிராம நிர்வாக அலுவலர் சிரித்துவிட்டார். ஆர்.ஐ. சிரிக்கவில்லை. “உங்களுக்கு உண்டு, உங்க கொழுந்தனாருக்கு இல்ல. ரெண்டுக்கும் சேத்துக் கேட்டீகன்னா ரெண்டையும் அடிச்சிருவேன்.”

“கேட்டது ஒரு குத்தமாய்யா? விடுங்க.”

மோட்டார் சைக்கிள் தார்ச்சாலையைத் தொடுவதற்குள் சண்முகத்தாய் அரிவாளை எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் மாடு சாப்பிட்டிருக்கும்.

வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடந்தது. கிராமங்களின் வருடாந்தரக் கணக்கை மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் பார்க்கும் நாள். கொழுந்தனார் அங்கே வந்து தன் வயலும் சாவிதான் என்று வாதாடினார். அவர் பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு, இல்லை என்று அனுப்பினார்கள். சண்முகத்தாயின் தள்ளுபடி நின்றது. இதையெல்லாம் விரிவாக எழுதிக் கொடுத்தேன். காதர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். மதுரையில் இரண்டு வரியாக வெட்டிப் போட்டார்கள்.

எல்லா ஆர்.ஐ.யும் அப்படி என்று சொல்லமாட்டேன். வீட்டில் இருந்தபடியே எழுதியவர்களையும், வாங்கிக்கொண்டு எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன், செய்தியாகவும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த வயலில் நான் பார்த்தது இது: அரசாங்கம் வந்தது, கசக்கிப் பார்த்தது, ஒரு வயலுக்கு ஆம் என்றது, அடுத்த வயலுக்கு மாட்டேன் என்றது. வசூலிக்க வக்கில்லாத அரசாங்கம் கொழுந்தனாரிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்காது.

அந்த அரசாங்கத்தைத்தான் எங்கள் அட்டவணை தோல்வியில் எழுதியிருந்தது.

4

செவ்வாய்க்கிழமை இங்ரிட்டின் அறைக்குப் போனேன். அட்டவணையை அவர் முன் வைத்தேன்.

“வர வேண்டிய பணம் வரவில்லை. அதைத் தோல்வி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?” என்றார்.

“வர வேண்டாம் என்று அரசாங்கமே முடிவு செய்தது.”

“ஓட்டுக்காக இருக்கலாம்.”

“இருக்கலாம். இங்கே மீன்பிடிப் படகுகளுக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கிறீர்களே, அது எதற்காக?”

வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். இந்த நாடு எரிபொருளிலிருந்து வரும் கரிப்புகைக்கு ஒரு வரி போடுகிறது. கரிவரி என்று வைத்துக்கொள்ளலாம். உலகத்துக்கு முன்னோடி என்று இவர்கள் பெருமைப்படும் வரி. பெருமைப்படலாம், நல்ல வரிதான். ஆனால் மீன்பிடிப் படகுகள் கட்டிய வரி அவர்களுக்கே திரும்பிப் போய்விடும்.

“அது வேறு விஷயம்” என்றார் இங்ரிட். “நாடாளுமன்றத்தில் விவாதித்து, ஒரு தொழிலைக் காப்பாற்ற யோசித்துச் செய்த ஏற்பாடு.”

“அட்டவணையில் அது எங்கே இருக்கிறது?”

பக்கத்தைப் புரட்டினார். ‘கொள்கை வடிவமைப்பு’ என்ற பத்தியில் இருந்தது. அதற்கு மதிப்பெண் கூட்டிப் போட்டிருந்தார்கள்.

இங்ரிட் அச்சுப்படியை மூடி வைத்தார். பிறகு அவர், “என் அப்பாவின் படகும் அதில் ஒன்று” என்றார்.

“அவருக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர் படகைப் போய்ப் பார்த்துத்தான் கொடுக்கிறார்களா?”

“எல்லாப் படகுக்கும் உண்டு. போய்ப் பார்க்க வேண்டியதில்லை.”

“எங்கள் ஊரில் போய்ப் பார்த்தார்கள்.”

அவர் கோபப்படவில்லை. அந்தத் தள்ளுபடிகளுக்கு அரசாங்க ஆவணம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். இல்லாவிட்டால் அட்டவணைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு போடலாம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றார். எழுந்தபோது, ஒப்பந்தத் தாள்கள் தயாராக இருப்பதாகவும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் யாரும் மிரட்டுவதில்லை, தகவல்தான் சொல்வார்கள்.

5

காதர் இப்போது அதே கடையில் எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருக்கிறான். அன்று மாலையே அவனைக் கூப்பிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அந்த வருடத்துத் தள்ளுபடி உத்தரவுக்கு நகல் கேட்கச் சொன்னேன். மறுநாள் மீனாதான் போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் ஓம் ஓம் என்றுவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

“என்னலே மாப்ளே, மருமவ சிலோன் ரேடியோ மாதிரி பேசுது? நம்பர மாத்திப் போட்டுட்டமோன்னு பாத்தேன்” என்றான் காதர்.

“அதை விடு. தாலுகா ஆபீஸ் போனியா?”

“போனேன். எதுக்குங்காக. நார்வேல கேக்காகன்னேன். நார்வே எந்தத் தாலுகாங்காக.”

“கிண்டல் பண்ணாத.”

“கிண்டல் பண்ணது அவிய. பழச எல்லாம் கட்டி மாடியில போட்டிருக்காகளாம். எடுத்துப் பாத்துச் சொல்லுதோம்னாக. மனு எழுதிக் குடுத்திருக்கேன். உன் பேரன் கல்யாணத்துக்குள்ள வந்துரும்.”

வெள்ளிக்கிழமைக்குள் வராது என்பது இருவருக்கும் தெரிந்தது. நிலைமையைச் சொன்னேன்.

“கையெழுத்துப் போடாட்டா என்ன செய்வாக?” என்றான்.

“இங்கேயிருந்து கிளம்ப வேண்டியிருக்கும்.”

“கெளம்பி இங்க வந்து என்ன செய்வ? மறுபடியும் கவர் ஒட்டப் போறியா? அதுக்கும் இப்ப ஃபேக்ஸ் வந்துட்டு.”

“அப்ப போடச் சொல்லுதியா?”

“நான் எங்கலே சொன்னேன்?” காதரின் குரல் மாறியது. “நம்மள அடியில போட்டிருக்கானுவன்னு நீதான சொல்லுத. அவனுவளா போட்டா அது அவனுவ நெனப்பு. உன் பேரோட வந்தா, அந்த ஊர்க்காரனே ஒத்துக்கிட்டான்லா, பொறவு என்ன பேச்சுன்னு ஆயிரும். அதுக்குத்தான் உன் பேரு வேணும் அவனுவளுக்கு. பாத்துக்கோ. நிமிசம் ஓடுது, வச்சிருதேன்.”

6

வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. செல்வி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “எதுன்னாலும் சீக்கிரம் சொல்லிருங்க. வீட்டு ஓனருக்கு முன்கூட்டியே சொல்லணும், இல்லாட்டி சண்டைக்கு வருவாரு” என்றாள். எனக்கு எதிராகவோ ஆதரவாகவோ அவள் சொன்னது அவ்வளவுதான். அதை நான் ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன். சரியா என்று கேட்கவில்லை.

மீனா விடவில்லை.

“அடிக்குறிப்பு போட்டால் போதும்தானே அப்பா?”

“போதாது.”

“ஏன்? அதை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.”

“அதனாலதான் போதாது.”

அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “நீங்கள் அங்கை இருக்கிறதும் இல்லை, போறதும் இல்லை. பிறகு ஏன் அந்த ஊருக்காகச் சண்டை பிடிக்கிறீங்கள்? எனக்கு இங்கைதான் பள்ளிக்கூடம், இங்கைதான் சிநேகிதிகள். என்னைப் பற்றி யோசிச்சனீங்களா?”

“யோசிச்சேன்.”

அது உண்மை. யோசித்த பிறகும் என் முடிவு மாறவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை நான் சொல்லவில்லை, அவளுக்கே புரிந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாடுகளில் வளர்கிற பிள்ளைக்கு ஒரு நாட்டிலாவது நிலையாக இருக்க உரிமை உண்டு. அந்த உரிமையைத்தான் நான் பந்தயத்தில் வைத்திருந்தேன்.

7

வியாழக்கிழமை பிரிவுக் கூட்டம். எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்து, அட்டவணையை இரண்டு விதமாகப் போட்டுக் கொண்டுபோனேன். முதலாவதில், யாருக்கு வரி விட்டுக்கொடுத்தாலும் தோல்வி. அதில் இந்த நாடு மேலிருந்து இறங்கித் தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவதில், யாருக்கு விட்டுக்கொடுத்தாலும் கொள்கை. அதில் தமிழ்நாடு எழுந்து நடுவுக்கு வந்தது.

“எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். “ஆனால் இரண்டு அரசாங்கத்துக்கும் ஒன்றையே எடுங்கள். உங்கள் கடலில் கொள்கையாக இருப்பது எங்கள் கண்மாய்க்குக் கீழே தோல்வியாகிவிட முடியாது.”

இந்த முறை சொற்கள் எல்லாம் சரியாக வந்தன. முந்தின இரவு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. புள்ளியியல் பார்க்கிற ஒருவர், விதி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த அறிக்கைக்கு நேரம் இல்லை, அடுத்ததில் பார்க்கலாம் என்றார். அடுத்தது என்பது இந்த நாட்டில் மிகவும் விசாலமான இடம். எதை வேண்டுமானாலும் அதில் போட்டு வைக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் இங்ரிட்டிடம் போனேன். அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். அத்தியாயம் இல்லாத அரசாங்கத்தின் பெயர் அட்டவணையில் இருக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அவர்கள் விதிகளை மதிப்பவர்கள். தமிழ்நாட்டின் வரிசை முழுதாக நீக்கப்பட்டது. அறிக்கை குறித்த நாளில் வெளிவந்தது. அட்டவணையின் அடியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச அங்கே யாரும் இருந்தார்களா என்று தெரியவில்லை.

இங்ரிட் அதற்குப் பிறகும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயாராக இருந்தார். ஒரே ஒரு நிபந்தனை கூடுதலாகச் சேர்த்திருந்தார்: திரும்ப எடுத்துக்கொண்ட அத்தியாயத்தை நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் வேறெங்கும் வெளியிடக் கூடாது.

“இது எல்லோருக்கும் உள்ள நிபந்தனைதான். உனக்காகச் சேர்த்தது இல்லை” என்றார்.

“சம்மதம் கொடுப்பீர்களா?”

“மேலே கேட்க வேண்டும்.”

“கேட்டால்?”

“கொடுப்பார்கள் என்று தோன்றவில்லை” என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.

ஒப்பந்தத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அத்தியாயத்தை, இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். படகுகளும் உண்டு, சாவி வயலும் உண்டு. நெல் இருந்த வயலுக்கு மாட்டேன் என்று சொன்னதும் உண்டு. ஆவணம் எங்கே என்று கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடியில் இருக்கிறது, மனு போட்டிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். ஏற்பார்களோ மாட்டார்களோ. என் பெயரில் வருவது நான் எழுதியதாக இருக்கும்.

8

இந்த நாட்டில் வெளிநாட்டவர் விவகாரம் எல்லாம் காவல் நிலையத்தில்தான். திருடனைப் பிடிக்கும் கட்டடத்திலேயே எங்களுக்கும் ஒரு ஜன்னல். வேலை முடிந்ததைத் தெரிவிக்கப் போனபோது மீனாவையும் கூட்டிப்போனேன். அதிகாரிகள் பேசும் வேகம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சண்டைக்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசவில்லை என்றாலும், கூப்பிட்டதும் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

அதிகாரி இளைஞர். எங்கள் தாள்களைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடுதான் ஒரு யோசனை சொன்னார். வேலை முடிந்த காரணம் என்ற இடத்தில் ‘ஒப்பந்தக் காலம் முடிந்தது’ என்று குறித்துக்கொள்ளட்டுமா? அப்படிக் குறித்தால் இங்கேயே தங்கி வேறு வேலை தேட அவகாசம் கிடைக்கும். வேலையைத் தானே மறுத்தவர் என்றால் கிடைப்பது சந்தேகம்.

மீனா என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னாள். “முடிஞ்சது எண்டு சொல்லுங்கோ அப்பா. அது பொய் இல்லைத்தானே? காலமும் முடிஞ்சதுதானே?”

“புது ஒப்பந்தம் குடுத்தாங்க. நான்தான் வாங்கல. அதை எழுதச் சொல்லு.”

“அப்பிடி எழுதினால் எங்களை அனுப்பினாலும் அனுப்புவினம்.”

“தெரியும்.”

“உங்களுக்குப் பயமில்லையா?”

“இருக்கு.”

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். அவளுக்கு என் மேல் இருந்த கோபம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தன் வகுப்புப் பிள்ளைகள் பேசும் வேகத்தில், அவர் மொழியில் சொன்னாள். எனக்கு அது முழுவதும் புரிந்தது.

“இவருக்கு வேலை கொடுத்தார்கள். இவர்தான் வேண்டாம் என்று சொன்னார். அப்படியே எழுதுங்கள்.”

“ஏன் வேண்டாம் என்றார்?” என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

படகிலிருந்து தொடங்குவதா, வயலிலிருந்து தொடங்குவதா என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மீனா காத்திருக்கவில்லை.

“அட்டவணை தப்பு” என்றாள்.

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.